இடது காது

பூபாலன் அண்ணா,
நேற்று நந்திக்குக் காது குத்தினோம்.
டொங்காட்டில் கரும்பை எரிக்கிற வாரம் அது என்று
யாருக்கும் ஞாபகம் வரவில்லை.
பந்தல் துணியின் மேல், புளிச்சோற்று அண்டாவின் மேல்,
மொட்டைத் தலையில் பூசிய ஈரச் சந்தனத்தின் மேல்
கறுப்புக் கறுப்பாகச் சாம்பல்.
ஊதினால் போகாது, துடைத்தால் இழுபடும்.
நொக்வாண்டா சிரித்தே விட்டாள்:
"என்ன, உங்கள் சாமிக்குத் திருநீறு தீய்ந்துவிட்டதா?"

காரேஜில் மணை போட்டு உட்கார்ந்த ஆசாரி
ஊசியைத் தீயில் காட்டி, நிமிராமலே கேட்டார்:
"தாய்மாமன் எங்கே?"

நீ போனில் சொன்னது
அப்போதுதான் எனக்கு முழுசாகக் கேட்டது.
"எந்தத் தாய்க்கு நான் மாமன்?
உன் வயிற்றில் பிறந்திருந்தால்
முதல் ஆளாக வந்திருப்பேன்."

வெருலத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வந்தாயே.
பின்னால் நின்று கார்ச்சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாய்.
அதிகாரியின் பேனா எழுதாமல் போனபோது
சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டியது நீதான்.
பேனா தரலாம்.
மடி தருவது வேறு போல.

என் வயிறு.
மூன்று தடவை நம்பி மூன்று தடவை ஏமாந்தது அது.
உனக்குச் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்கிற விஷயமா.
நான்காவது தடவை அவள்
"நகரு, என் முறை" என்றாள்,
குளியலறை வாசலில் நின்று சொல்கிற மாதிரி.
கொடுத்தவன் முகம் தெரியாது. ஒரு எண்.
இடக்கைக்காரன், பூனை ஆகாது என்று இரண்டு குறிப்பு.
நந்தி இடது கையால் சோறு அள்ளும்போதெல்லாம்
சாலாட்சி அத்தை கையில் தட்டுகிறாள்.
நான் அந்த எண்ணை ஒரு தரம் நினைத்துக்கொள்கிறேன்.
நன்றியை வேறு எந்த விலாசத்துக்கு அனுப்புவது.

அந்தப் பெயருக்கும் நீ சிரித்தாய்.
அவர்கள் மொழியில் அது இனிப்பு.
நம் மொழியில் என்னவோ அதுவாகவும் இருக்கிறாள்:
இரண்டு தலையணைக்கும் நடுவே குறுக்காகப் படுத்து
விலகச் சொன்னால் விலகாத நந்தி.
காய்ச்சல் ராத்திரியில் "மா" என்று ஒரே எழுத்து.
யாரை என்று தெரியாமல் இரண்டு பேரும் எழுந்து
இருட்டில் நெற்றி முட்டிக்கொள்கிறோம்.

ஆசாரி இரண்டாம் முறை கேட்டார்.
உம்லாசி டாக்ஸியை வாசலில் நிறுத்திவிட்டு
தோட்டக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான் பெகி,
நொக்வாண்டாவின் தம்பி.
"அம்மா கூடப்பிறந்தவன் எங்களிடம் மாலுமே," என்றான்.
"என் தாத்தாவின் காதுத் துளையில்
உங்கள் கட்டைவிரல் போகும்.
காதைத் திறந்தால்தான் பிள்ளைக்குப் புத்தி கேட்கும் என்பார்."
ஆசாரிக்குப் பாதிதான் புரிந்தது.
மணையைத் தட்டி, உட்கார் என்றார்.
மின்சாரம் போய் ஜெனரேட்டர் இரைந்த இரைச்சலில்
மாலுமே, மாமா
எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது.

வலது காது ஆயிற்று.
அவள் கத்திய கத்தலில் பெகியும் அழுதான்,
பதினாறு பேரை அடைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்கிறவன்.
இடது காதுக்குத் தலையைத் திருப்பியதும்
ஆசாரியின் தாடியைப் பிடித்து இழுத்துவிட்டு
டாக்ஸிக்கு அடியில் புகுந்துகொண்டாள்.
வெல்லம் காட்டினோம். ஐஸ்கிரீம் காட்டினோம்.
நொக்வாண்டா பட்டுச் சேலையோடு தரையில் படுத்து
ஜூலுவில் கெஞ்சினாள், நான் தமிழில் மிரட்டினேன்.
பசித்து அவளாக வெளியே வந்தபோது
ஆசாரி போயிருந்தார்.

ஒரு காது மிச்சம்.
இன்னொரு தோடு மைலோ டப்பாவில் கிடக்கிறது.
உனக்காக விட்டுவைத்ததாக நினைத்துக்கொள்ளாதே.
ஓடிவிட்டாள், அவ்வளவுதான்.
ஆசாரி அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு வருகிறார்.
பெகிக்கு அன்றைக்கு
வண்டி முறை இருக்கிறதாம்.